நடுக்கேட்டு

சாவி பூட்டுக்குள் நுழைய மாட்டேன் என்றது.

ஜூனி அதைக் கோட்டில் தேய்த்துவிட்டு மறுபடி திணித்தாள். விடிந்ததிலிருந்து கிளை வெட்டிய கை. பத்து விரலிலும் கஞ்சாப் பிசின் தார் மாதிரி அப்பிக் கிடந்தது. சாவி ஒட்டியது, பூட்டு ஒட்டியது, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கப் போய் முடியும் ஒட்டியது.

"லைல், நம்ம கேட்டை யாரு பூட்டினது?"

கொட்டகை வாசலில் அவள் புருஷன் லைல் கையில் கரண்டியோடு நின்றான். சனிக்கிழமை விருந்துக்கு என்று பன்றி இறைச்சி போட்டுப் பயறு வேகவைத்துச் சோதித்துக்கொண்டிருந்தவன்.

"நான்தான்."

"நீயா?"

"மாடு ரோட்டுல நிக்குதுன்னு ரேடியோவுல சத்தம் வந்துச்சு. கை தானா போய்ப் பூட்டிருச்சு."

"மாடு இல்லை லைல். நம்ம இன்ஸ்பெக்டரம்மா."

லைல் கரண்டியைப் பார்த்தான். பிறகு கீழே வளைந்து இறங்கும் பாதையைப் பார்த்தான். "அடக் கடவுளே," என்றான் மெதுவாக.

எங்கள் டான்பார்க் மேட்டில் யாரும் மாடு வளர்த்ததில்லை. ஆனால் நாற்பது வருடமாக ரேடியோவில் மாடு ரோட்டில் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அரசாங்க வண்டி ஏதாவது மலை ஏறினால், முதலில் பார்ப்பவர் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கேட்டுகள் வரிசையாகச் சாத்திக்கொள்ளும். சங்கிலி விழும். மேட்டில் ஒரு ஜீவன் நடமாடாது. கஞ்சா சட்டப்படியான பயிர் ஆகி வருடங்கள் ஓடிவிட்டன. செடிக்குச் செடி எண் போட்ட பட்டை கட்டுகிறோம், வரி கட்டுகிறோம். காதுக்குத்தான் அது இன்னும் போய்ச் சேரவில்லை.

பூட்டு திறந்தது. ஜூனி பழைய பிக்கப் வண்டியில் ஏறி, ரேடியோ ஒலிவாங்கியை இழுத்தாள்.

"பாமராய் அம்மா, இருக்கீங்களா?"

கரகரப்பு. பிறகு மலையடிவாரத்தில் முதல் கேட்டுக்குச் சொந்தக்காரியான கிழவியின் குரல் வந்தது. "பேசாதே கண்ணு. மாடு ரோட்டுல நிக்குது. வெள்ளை வண்டி. கதவுல முத்திரை."

"அது எங்க இன்ஸ்பெக்டர். போன ஞாயித்துக்கிழமை கூட்டுச் சாப்பாட்டுல எல்லார்கிட்டயும் சொன்னேனே. வியாழக்கிழமை லைசென்ஸுக்குப் பார்வையிட வருவாங்கன்னு."

"ஒரு பொம்பளை வருவான்னு சொன்னே. முத்திரை போட்ட வண்டி வரும்னு சொல்லலையே."

"பொம்பளை பறந்தா வருவாங்க? சரி, உங்க கேட்டைத் திறங்க."

"அவ உள்ளே போனப்புறம்தான் பூட்டினேன். இப்ப அவ என் கேட்டுக்கும் ஆரின் கேட்டுக்கும் நடுவுல நிக்கிறா."

"ஆரினும் பூட்டிட்டாரா?"

"முதல்ல பூட்டினதே அவன்தான். எனக்குச் சாவி கிடைக்க மாட்டேங்குது கண்ணு. வழக்கம்போல கோழிக்கூண்டுல எறிஞ்சுட்டேன். தேடிட்டிருக்கேன். கோழி ஒண்ணும் ஒத்துழைக்கலை."

ஜூனி வண்டியை இறக்கத்தில் விட்டாள்.

அக்டோபர் காலை. பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம் பாலாக நிரம்பியிருந்தது. எங்கோ எரிந்து முடிந்த காட்டின் புகை வாசனை இன்னும் காற்றில் இருந்தது. மேற்கே கடல் பக்கம் மேகம் கறுத்துத் திரண்டு நின்றது. பருவத்தின் முதல் மழை. அது எங்களுக்கு நல்ல செய்தி இல்லை. முற்றிய பூவில் தண்ணீர் இறங்கினால் உள்ளே சாம்பல் பூஞ்சை பிடிக்கும். வெட்டிய கிளைகள் இரண்டு வரிசை இன்னும் கொட்டகைக்கு வெளியேதான் கிடந்தன.

அதைவிடப் பெரிய கவலை கீழே நின்றது.

மேட்டில் பாதிப் பேர் நிலத்தை விட்டு இறங்கிவிட்டார்கள். பெரிய கம்பெனிகள் சமவெளியில் கண்ணாடிக் கூடாரம் போட்டு விளைவிக்கிற சரக்கோடு எங்களால் போட்டிபோட முடியவில்லை. மொத்தமாக வாங்குகிறவன் சொன்னதே விலை. ஜூனி வேறு வழி பார்த்தாள். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் லைசென்ஸ் முதலில்; அது தற்காலிகமாகக் கிடைத்து லைல் ஓட்டிக்கொண்டிருக்கிறான். பிறகு பண்ணையிலேயே கருவாலி மரத்தடியில் மேஜை போட்டு, சாப்பாடு கொடுத்து, விளைந்த பூவை விளைந்த இடத்திலேயே உட்கார்ந்து புகைக்க விடும் விருந்துக்கான லைசென்ஸ். இரண்டுக்கும் ஒரே ஆய்வு. அது இன்று. விருந்து நாளை மறுநாள். ஊரிலிருந்து நாற்பது பேர் வருகிறார்கள். ஆய்வு தவறினால் கோப்பு திரும்பிப் போகும், அடுத்த ஆய்வு வசந்தகாலத்தில்தான். வசந்தகாலம் வரை ஜூனியும் லைலும் அந்த மேட்டில் இருக்கப்போவதில்லை.

ஆரினின் நடுக்கேட்டு தெரிந்தது.

இரும்புக் குழாயில் அடித்த பச்சைக் கேட்டு. பக்கத்தில் செம்மரத்தின் பழைய அடிக்கட்டை ஒன்று, உட்காருகிற இடம் மட்டும் வழுவழுப்பாக. எங்கள் மேட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கேட்டு திறந்திருந்தால் பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். பூட்டு இல்லாத நேரத்தில் மனுஷன்தான் பூட்டு. ஒவ்வொரு கேட்டுக்கும் இப்படி ஒரு கட்டை உண்டு. மற்றவர்கள் கட்டைகளில் பாசி படர்ந்துவிட்டது. ஆரின் கட்டையில் மட்டும் படரவில்லை. கேட்டு பூட்டியிருந்தாலும் அவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.

இப்போதும் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயது. தோளில் பட்டை வைத்த கால்சட்டை, வெள்ளைத் தாடி. கேட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளை வண்டி. அதன் மேல் சாய்ந்து, கையில் பலகையும் பேனாவுமாக ஒரு குட்டையான அம்மாள். பெயர் பெல்ட்ரான். திராட்சை விளையும் தெற்குச் சமவெளிக்காரி. முகத்தில் கோபம் இல்லை. அதுதான் ஜூனியைக் கலக்கியது.

"மன்னிக்கணும் மேடம். ஒரு சின்னக் குழப்பம்."

"புரியுது. எனக்கு முன்னாடியும் பூட்டு, பின்னாடியும் பூட்டு. இருபது வருஷ சர்வீசுல இது புதுசு."

"ஆரின், கேட்டைத் திறங்க. இவங்க எனக்காக வந்திருக்காங்க."

"தெரியும். கதவுல முத்திரை இருக்கே. கண்ணு இன்னும் போகலை."

"தெரிஞ்சுமா பூட்டினீங்க?"

"பூட்டினப்போ தெரியாது. பூட்டினப்புறம் தெரிஞ்சுது. இப்ப யோசிக்கிறேன்."

"என்ன யோசனை? முப்பது நாளைக்கு முன்னாடியே வந்து சொன்னேன். பாக்கலாம்னு சொன்னீங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பெல்ட்ரான் கேட்டருகே வந்தார். "சார், இந்த வழியில உங்களுக்குப் பங்கு உண்டு, இல்லையா?"

"கேட்டே என்னோடதும்மா."

"ஜூனி, நிலைமை இதுதான். வழியில பங்கு இருக்கிறவங்க முப்பது நாள்ல எதுவும் சொல்லலைன்னா சம்மதம்னு எடுத்துக்கலாம். இவர் எதுவும் சொல்லலை. நான் நேரா வந்து பாத்துட்டுப் போயிருந்தா முடிஞ்சிருக்கும். ஆனா பூட்டின கேட்டுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, ஆட்சேபம் இல்லைன்னு நான் எழுத முடியாது. இப்ப இவர் வாயால சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

"கோப்பு திரும்பிடும். ரெண்டு மணி வரைக்கும் இருப்பேன். அடுத்த பண்ணை மலைக்கு அந்தப் பக்கம்."

ஜூனி பிக்கப்பின் பின்பக்கம் பார்த்தாள். அங்கே சங்கிலி வெட்டும் நீளக் கத்தரி கிடந்தது. அவள் பார்வை போன இடத்துக்கு ஆரின் பார்வையும் போனது.

"வெட்டு, பொண்ணு. நல்லா வெட்டும் அது. ஆனா வெட்டினா தகராறு. தகராறு உள்ள வழிக்கு லைசென்ஸ் கிடையாது. சரிதானேம்மா?"

"சரிதான்," என்றார் பெல்ட்ரான்.

"பாத்தியா? நானும் சட்டம் படிச்சவன்தான். அரசாங்கச் செலவுல பதினெட்டு மாசம் படிச்சேன்."

ஜூனி வண்டிக்குப் போய்ச் சமையல் எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். உள்ளங்கையில் ஊற்றி, விரல் விரலாகத் தேய்த்தாள். பிசின் எண்ணெய்க்குத்தான் இளகும், சோப்புக்கு மசியாது. கறுப்பு கரைந்து ஓடியது. துணியில் துடைத்துக்கொண்டு வந்து, கேட்டு ஓரம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு என்ன வேணும், ஆரின்? கேளுங்க. ஒவ்வொண்ணா பேசுவோம்."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். அதுதான் சிக்கல்."

"நாப்பது பேர் வர்றது பிடிக்கலையா? காருல வர மாட்டாங்க. ரெண்டு வேன். கீழேயிருந்து லைல் கூட்டிட்டு வந்து, அவனே கொண்டுபோய் விடுவான். உங்க வீட்டுப்பக்கம் ஒரு தலை தெரியாது."

"என்ன கொடுப்பே அவங்களுக்கு?"

"பயறு, சோள ரொட்டி, ஆப்பிள் பை."

"மான்கறி?"

"வேட்டையாடின கறியை விக்கக் கூடாது."

"சாராயம்?"

"கஞ்சா இருக்கிற இடத்துல சாராயம் கூடாது. புகையிலையும் கூடாது."

ஆரின் பெல்ட்ரானைத் திரும்பிப் பார்த்தார். "மானும் இல்லை, சாராயமும் இல்லை. இதுக்குப் பேர் விருந்தாம்மா? பிரார்த்தனைக் கூட்டம்னு லைசென்ஸ் குடுங்க."

பெல்ட்ரானின் உதடு லேசாக நெளிந்தது. "அதுக்கு வேற துறை சார்."

"ஒரு காலத்துல இதே செடிக்கு ஹெலிகாப்டர்ல வந்து கயிறு கட்டி இறங்கினாங்க. துப்பாக்கியோட. இப்ப நீங்க வந்து என்ன பாப்பீங்க?"

"வெளி ரோட்டுலேருந்து பாத்தா புகைக்கிற இடம் தெரியுதா, வாசல்ல வயசு பாக்க ஆள் இருக்கா, எத்தனை கழிப்பறை..."

"கழிப்பறையா?"

"கைகழுவுற தொட்டியும்."

ஆரின் தாடியைத் தடவிக்கொண்டார். "எங்களைத் துரத்தினப்போ ஒருத்தரும் கைகழுவத் தொட்டி வைக்கலை."

மேலேயிருந்து வண்டிச் சத்தம் கேட்டது. லைலின் வெள்ளை வேன். பெயர் இல்லை, படம் இல்லை, உள்ளே பூட்டுப்போட்ட பெட்டி, எங்கே போகிறது என்று வானத்துக்குச் சொல்லும் கருவி. எல்லாம் சட்டப்படி. கடத்தல் காலத்தில்கூட எங்கள் வண்டிகள் இவ்வளவு கள்ளத்தனமாக இருந்ததில்லை. லைல் பயறுப் பாத்திரத்தை மூடியோடு இறக்கினான்.

"பசியோட நியாயம் பேச முடியாது," என்றான். வேன் கதவைத் திறந்து பலகையை நீட்டி, தகரத் தட்டுகளில் பயறு ஊற்றினான். மிளகாயும் பன்றிக்கொழுப்பும் சேர்ந்த வாசனை கேட்டைத் தாண்டிப் போனது. ஒரு தட்டைக் கம்பி வழியாக நீட்டினான். "மேடம்."

"வேண்டாம். லைசென்ஸ் கேக்கிறவங்க கையால சாப்பிடக் கூடாது." பெல்ட்ரான் தன் பையிலிருந்து காகிதம் சுற்றிய ரொட்டியை எடுத்தார். ஒரு கடி கடித்துவிட்டு, பாத்திரத்தைப் பார்த்தபடியே மென்றார்.

ஆரின் தட்டை வாங்கிக்கொண்டார். மேட்டில் சாப்பாட்டை மறுப்பது வழக்கமில்லை, சண்டையில் இருந்தாலும்.

"வீடு வீடா போறியே லைல், எப்படி இருக்கு பொழைப்பு?"

"மேட்டுக்காரங்கதான் படுத்தறாங்க. சட்டப்படி வீட்டு விலாசம் வேணும். கேட்டா, வளைஞ்ச தபால்பெட்டி தாண்டி எரிஞ்ச மரம்னு சொல்றாங்க. அதுக்கு மேல வாய் திறக்க மாட்டேங்கறாங்க. ஒருத்தர் தன் பேரையே சொல்ல மாட்டேன்னுட்டார். அவர் எனக்குச் சித்தப்பா."

"பாமராய் கிழவி வாங்கறாளா?"

"மூட்டுவலிக்கு. ஒவ்வொரு தடவையும் வயசுச் சான்று கேக்கணும். எண்பத்தினாலு வயசுக்காரி. போன வாரம் அட்டையை என் மூஞ்சியில எறிஞ்சாங்க."

ஆரின் சிரித்தார். ஜூனி அந்தச் சிரிப்பை விடவில்லை.

"திறங்க ஆரின். சாப்பாட்டுக்கு நன்றியாவாவது திறங்க."

சிரிப்பு நின்றது. அவர் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டு, கட்டையின் மேல் வைத்தார்.

"சனிக்கிழமை எத்தனை மணி நேரம் கேட்டு திறந்திருக்கும்?"

"வேன் வரும்போதும் போகும்போதும் மட்டும். ஆள் உக்கார வெப்போம். மூணு கேட்டுலயும்."

"இங்கே யாரை?"

"நீங்க விரும்பினா நீங்க. இல்லைன்னா நான்."

"நீயா?" அவர் தலையை ஆட்டினார்.

மேற்கே இடி உறுமியது. லைல் மேகத்தைப் பார்த்தான், மேட்டைப் பார்த்தான். பெல்ட்ரான் ரொட்டிக் காகிதத்தை மடித்துப் பையில் போட்டார். பேனாவைத் திறந்தார்.

"சார், நான் ஒண்ணு எழுதித்தான் ஆகணும். ஆட்சேபம் இருக்கா, இல்லையா? இருந்தா காரணம் என்ன? நீங்க சொல்றதை எழுதுவேன், நீங்க கையெழுத்துப் போடுவீங்க. அவங்களுக்கு ஒரு நகல் போகும்."

ஆரின் எழுந்தார். கேட்டின் மேல்குழாயைப் பிடித்துக்கொண்டார்.

"காரணம்னா... அந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கேட்டுக்கும் ஆகாதும்மா. அவ்வளவுதான்."

லைலின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் மோதியது.

மேட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. யாரும் ஜூனியின் முகத்துக்கு நேரே சொல்லாத கதை. நாற்பது வருடத்துக்கு முன்னால், ஒரு செப்டம்பரில், விடியலுக்கு முன்னால் ரெய்டு வந்தது. வந்தவர்கள் சங்கிலி வெட்டவில்லை, கேட்டை முட்டவில்லை. நடுக்கேட்டு விரியத் திறந்திருந்தது. பூட்டு ஒழுங்காகக் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சாவி போட்டுத் திறந்தவர் யாரோ. அந்தப் பூட்டுக்குச் சாவி அப்போது இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒன்று ஆரினிடம். இன்னொன்று மேலே இருந்த கிளைடிடம். கிளைட், ஜூனியின் அப்பா. ஆரினைப் படுக்கையிலிருந்தே இழுத்துப் போனார்கள். கிளைட் நிலத்தை யாரும் தொடவில்லை. இதற்கு மேல் கணக்குப் போட எங்கள் மேட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சிறையிலிருந்து திரும்பிய ஆரின் பூட்டை மாற்றிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததையே சாட்சியாக எடுத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு கிளைடை எந்த அறுவடைக்கும் கூப்பிடவில்லை. கூட்டுச் சாப்பாட்டுக்கு அவர் கொண்டுவரும் பாத்திரம் மூடி திறக்காமலே திரும்பிப் போகும். ரேடியோவில் அவர் மாடு ரோட்டுல நிக்குது என்று சொன்னால், கேட்டுச்சு என்று ஒருவரும் பதில் கொடுக்க மாட்டார்கள். கேட்டுகளை மட்டும் சத்தமில்லாமல் பூட்டிக்கொள்வோம். அந்த மனுஷர் சாகும்வரை ஒவ்வொரு தடவையும் சொன்னார். மருத்துவச்சி இல்லாமல் பெண்டாட்டிக்குத் தானே பிரசவம் பார்த்து, செடி கட்டும் சணலால் தொப்புள்கொடி கட்டினவர் என்று, ஜூனியைப் பற்றிப் பேசும்போது மட்டும் யாராவது அவர் பெயரை எடுப்பார்கள். அதுவும் சிரிப்புக்கு.

ஜூனி தரையிலிருந்து எழுந்தாள். கால்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"எழுதுங்க மேடம்."

"என்ன எழுத?"

"அவர் சொன்னதை. ஆனா பாதியில நிறுத்திட்டார். ஆரின், முழுசாச் சொல்லுங்க. எந்தக் குடும்பம், என்ன ஆகாது?"

"ஜூனி, வேண்டாம்," என்றான் லைல்.

"வேணும். பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல ஒரு பிள்ளை உக்கார மாட்டா. ஏன்னு கேட்டா, கேட்டுக்காரன் மகள்னு சொல்லுவா. வீட்டுக்கு வந்து எங்கப்பாகிட்ட கேட்டேன். அவர் கத்தி தீட்டிக்கிட்டே இருந்தார். நாப்பது வருஷமா எங்க முதுகுக்குப் பின்னாடி சொன்னீங்க. இன்னிக்கு எழுத ஆள் இருக்கு, பேனா இருக்கு. கிளைட்தான் கேட்டைத் திறந்து உங்களைக் காட்டிக்கொடுத்தார்னு சொல்லுங்க. சொல்லிக் கையெழுத்துப் போடுங்க."

"போட்டா உனக்கு லைசென்ஸ் போயிடும்."

"போகட்டும்னு சொல்லலை. வசந்தகாலத்துல மறுபடி கேப்பேன். நிலம் போனா வேற நிலத்துலேருந்து கேப்பேன். ஆனா இது முதல்ல முடியணும். சொல்லுங்க."

பெல்ட்ரானின் பேனா காகிதத்தின் மேல் நின்றது. "சார்?"

ஆரின் வாயைத் திறந்தார். மூடினார். கண் கேட்டின் மேல் இருந்தது, பிறகு கட்டையின் மேல். முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. பிறகு கழுத்தில் கயிற்றில் தொங்கிய சாவியைச் சட்டைக்குள்ளிருந்து இழுத்தார். குனிந்து பூட்டில் போட்டார். சங்கிலி சரிந்து விழுந்தது. கேட்டு முனகிக்கொண்டு திறந்தது.

"ஆட்சேபம் இல்லை," என்றார். "எழுதிக்கோங்கம்மா. எந்த ஆட்சேபமும் இல்லை. குடுங்க, கையெழுத்துப் போடறேன்."

போட்டார். பெல்ட்ரான் வண்டியில் ஏறி எஞ்சினை முடுக்கினார். கீழேயிருந்து ரேடியோவில் பாமராய் கிழவியின் குரல் வந்தது. "சாவி கிடைச்சுது கண்ணு. சிவப்புக் கோழி உக்காந்துக்கிட்டு இருந்துச்சு."

லைல் தட்டுகளை அள்ளிப் போட்டான். "ஜூனி, வண்டியை எடு. மழை வருது. கிளை வெளியே கிடக்கு."

முதல் துளி கேட்டுக் குழாயில் விழுந்து தெறித்தது.

ஜூனி திறந்த கேட்டின் நடுவில் போய் நின்றாள்.

"நகரு பொண்ணு," என்றார் ஆரின். "நீ கேட்டது கிடைச்சிருச்சு."

"கிடைக்கலை."

"வழி திறந்தாச்சு."

"வழியை ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி கேட்டேன். இப்ப வேற கேக்கறேன். எங்கப்பாதான்னு உங்களால கையெழுத்துப் போட முடியலை. அப்போ யாரு?"

பெல்ட்ரான் எஞ்சினை அணைத்தார். கண்ணாடியை இறக்கினார். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். எழுதப்போவதில்லை என்று காட்டுகிற மாதிரி.

மழை சடசடவென்று இலைகளில் இறங்கியது. லைல் ஒரு தடவை மேட்டைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு வரிசைப் பூ நனைந்துகொண்டிருந்தது. அவனும் வந்து ஜூனியின் பக்கத்தில் நின்றுகொண்டான்.

ஆரின் கட்டையில் உட்கார்ந்தார். வழுவழுத்த இடத்தைக் கையால் தடவினார்.

"அன்னிக்குத்தான் உங்கம்மாவுக்குப் பிரசவ வலி கண்டுடுச்சு," என்றார். "கிளைட் ராத்திரி நடந்தே என் வீட்டுக்கு வந்தான். பள்ளத்தாக்குலேருந்து மருத்துவச்சி கிளம்பிட்டா, ரேடியோவுல சொன்னா ஊரே கேக்கும், நீ போய்க் கேட்டைத் திறந்து உக்காரு, நான் பொண்டாட்டியை விட்டுட்டு அங்கே உக்கார முடியாதுன்னான். நான்தான் என் சாவியால திறந்தேன்."

ஜூனி அசையவில்லை.

"மருத்துவச்சி வரலை. கீழே ரோடு பூரா ரெய்டுக்காரங்க வண்டி நிக்கிறதைப் பாத்துட்டுத் திரும்பிட்டா. கிளைடுக்கு எல்லாம் தெரியும். நான் உள்ளே போனேன், திரும்பி வந்தேன், அவன் ஒரு தடவைகூட யாருகிட்டயும் வாயைத் திறக்கலை. தன் பிள்ளைக்காகக் கேட்டைத் திறந்து மாட்டினவன்னு என்னை நினைச்சு, பழியைத் தானே ஏத்துக்கிட்டான்." அவர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கவில்லை. "இந்தக் கட்டையில நான் உக்காந்திருக்கணும், பொண்ணு. வண்டி வெளிச்சம் தெரிஞ்சதும் சாத்தியிருக்கலாம். குளிரா இருந்துச்சு. திறந்து போட்டுட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டேன்."